எல்லாம் பக்கம்தேன் சார்

நிலக்கோட்டைக்கு மாற்றலாகி வந்து பெட்டி படுக்கையை இறக்கிய அன்று சாயங்காலமே ஒருவர் வாசலில் வந்து நிற்பார். வீட்டுக்காரரின் மச்சானாக இருக்கலாம், டீக்கடையில் சில்லறை மாற்றிக் கொடுத்தவராக இருக்கலாம். "சார் ஊருக்குப் புதுசா? எல்லா இடமும் பாத்தாச்சா?" என்பார். குழாயில் தண்ணீர் எத்தனை மணிக்கு வரும் என்பதே நமக்கு இன்னும் தெரிந்திருக்காது.

இந்த மனிதருக்கு நான் வைத்திருக்கும் பெயர் சுற்றிக்காட்டி. எனக்கு வாய்த்தவரை அண்ணே என்று கூப்பிடுகிறேன். நான் வந்து பத்து வருடமாகிறது. இன்றைக்கும் யாரிடமாவது அறிமுகம் செய்தால், "சார் ஊருக்குப் புதுசு" என்றுதான் ஆரம்பிப்பார்.

அண்ணனுக்கு ஒரு தீராத மனக்குறை. சுற்றுலா வருகிறவர்கள் ஆயிரக்கணக்கில் நிலக்கோட்டை வழியாகப் போகிறார்கள். ஒருத்தரும் நிலக்கோட்டைக்கு வருவதில்லை. சித்திரை, வைகாசியில் கார்கள் வரிசை கட்டிப் போகும். நிற்பது பஞ்சருக்கும் இளநீருக்கும்தான். ரயில் நிற்கிற அம்மையநாயக்கனூர் எங்கள் தாலுகா. ஆனால் ஸ்டேஷன் பெயர் கொடைக்கானல் ரோடு. அதை நம்பி இறங்கி, பிள்ளைகளுக்குக் குல்லாவும் ஸ்வெட்டரும் மாட்டிவிட்டு, கொளுத்தும் வெயிலில் மலையைத் தேடிய வடக்கத்திக் குடும்பங்களை நானே பார்த்திருக்கிறேன். மலைக்கு அங்கிருந்து இன்னும் 80 கிலோமீட்டர்.

மல்லிகை கதையும் இதேதான். செடி நம் தோட்டத்தில், அரும்பு பறிப்பது நம் பெண்கள். 2013-ல் புவிசார் குறியீடு வந்தபோது பெயர் மதுரை மல்லி.

"டேசன் நம்மது, பேரு கொடைக்கானலுக்கு. பூ நம்மது, பேரு மதுரைக்கு. நல்லாருக்குல்ல சார் நியாயம்?"

அதற்கு அண்ணன் பழிவாங்கும் விதமே தனி. சுற்றுவட்டாரத்தில் பார்க்கத் தகுந்தது எது இருந்தாலும் அதை நிலக்கோட்டைக் கணக்கில் எழுதிக்கொள்வார். கொடைக்கானல் ஏரியை 1863-ல் உண்டாக்கிய லெவிஞ்சு துரையைப் பற்றிப் பேசினால், ஏதோ நம்ம ஊரில் டீ குடித்துவிட்டுப் போய் வெட்டியவர் போல இருக்கும். வத்தலக்குண்டில் பிறந்த ராஜம் ஐயரும் நம்மாள்தான். வத்தலக்குண்டு நிலக்கோட்டைத் தாலுகா ஆயிற்றே. 'கமலாம்பாள் சரித்திரம்' படித்திருக்கிறீர்களா என்று ஒருமுறை கேட்டுத் தொலைத்தேன். "நம்ம வீட்டு ஆளு எழுதுனத நாமளே படிச்சுக்கிட்டா நல்லாவா இருக்கும்?" என்றார்.

தூரத்துக்கு அவரிடம் கிலோமீட்டர் கிடையாது. கூப்பிடு தூரம், பக்கம், ரொம்பப் பக்கம் என்று மூன்றே அளவுகள். மூன்றுக்கும் அரை மணி நேரம். இதில் ரொம்பப் பக்கம் என்று சொன்னால் மட்டும் காலைச் சாப்பாட்டை முடித்துவிட்டுக் கிளம்புவது நல்லது.

அவர் அதிகம் சிரமப்பட்டது பேங்குக்கு வந்த ஒடிசா தம்பிக்காகத்தான். பூரிப் பக்கத்துப் பையன். அவனை வைகை அணைக்குக் கூட்டிப்போனார். என் கெட்ட நேரம், நானும் இன்னொரு வண்டியில் பின்னாலேயே போனேன். "கடல் மாதிரி இருக்கும் தம்பி" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார். கடற்கரையில் வளர்ந்த பையன் பாலத்தின் மேல் நின்று, ரொம்ப மரியாதையாக, கடலைத் தேடினான். அந்த வருஷம் மழை இல்லை. அணையின் அடியில் ஆடு மேய்ந்தது. அண்ணன் அசரவில்லை. 1959-ல் காமராஜர் திறந்தது, மொத்தம் 71 அடி, 66 அடியில் முதல் எச்சரிக்கை, 68.5-ல் இரண்டாவது, 69-ல் மூன்றாவது என்று வராத வெள்ளத்துக்கு மூன்று எச்சரிக்கையும் கொடுத்து முடித்தார்.

அடுத்த ஞாயிறு எலிவால் அருவி. தமிழ்நாட்டிலேயே உயரமானது, 297 மீட்டர். கொடைக்கானல் மலைப்பாதையில் டம் டம் பாறைக்குப் போனால் எதிரே தெரியும். பாதி வழியிலேயே வண்டி இரைத்ததால் அடிவாரத்தில் நிறுத்தி, "அந்தா, வெள்ளைக் கோடு தெரியுதுல்ல?" என்று விரலை நீட்டினார். கோடு தெரியவில்லை; பாறையில் ஈரக்கறை மாதிரி ஏதோ இருந்தது. தம்பி தெரிகிறது என்றான். மூன்றாவது வாரத்திலேயே பிழைக்கக் கற்றுக்கொண்டுவிட்டான்.

திண்டுக்கல் மலைக்கோட்டைக்குப் போனால் அண்ணன் படியேற மாட்டார். முத்துகிருஷ்ணப்ப நாயக்கர் 1605-ல் கட்டியது, ஹைதர் அலி இருந்த இடம் என்பதையெல்லாம் கீழேயே சொல்லிவிட்டு வேப்பமர நிழலில் உட்கார்ந்துவிடுவார். "நீங்க போயிட்டு வாங்க. நான் எத்தன தடவ பாத்தது! ஹெல்மெட்ட யாரு பாத்துக்கிறது?" அவர் ஒரு தடவைகூட ஏறியதில்லை என்பது அவர் மனைவி சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

இப்படி ஊர் ஊராக அலைந்த தம்பிக்கு நிலக்கோட்டையே கண்ணில் பட்டது தற்செயலாகத்தான். ஒருநாள் விடியற்காலை பஸ்ஸை விட்டுவிட்டுப் பூ மார்க்கெட் பக்கம் போயிருக்கிறான். ஈரச்சாக்கை அவிழ்த்துக் கொட்டக் கொட்ட மல்லிகை அரும்பு, பிச்சி, கனகாம்பரம், சம்பங்கி, பக்கத்திலேயே குவியலாகச் செண்டுமல்லி. கமிஷன் கடைக்காரர் எடை போட்டு விலையைக் கத்துகிறார். கூடையோடு நிற்கிற அம்மா முகத்தை வைத்தே இன்றைக்கு விலை ஏறியதா இறங்கியதா என்று சொல்லிவிடலாம். முகூர்த்த நாளென்றால் ஏறும். வரத்து மிஞ்சி இறங்கினால் சென்ட் பேக்டரிக்குப் போகும். தம்பி இரண்டு மணி நேரம் நின்று பார்த்துவிட்டு, சட்டையெல்லாம் மணக்க பேங்குக்குப் போனான். "இதை ஏன் காட்டவில்லை?" என்று அண்ணனிடம் கேட்டும் விட்டான்.

அவருக்கு நிஜமாகவே புரியவில்லை. "பூ மார்க்கெட்டுல என்னப்பா இருக்கு பாக்க? அங்குட்டு எங்க சித்தப்பா கடை வச்சிருக்காரு. அவரையா பாக்கப் போன?"

போன வருஷம் அண்ணனின் மகள் அவரைச் சிங்கப்பூருக்கு அழைத்துப்போனாள். அங்கே இவர் ஊருக்குப் புதுசு. மெரினா பே பக்கத்துக் கண்ணாடி மாளிகைக்குள் கூட்டிப்போய்ப் பூ காட்டியிருக்கிறாள். திரும்பி வந்ததும் என் வீட்டுக்குத்தான் வந்தார், பெரிய அநியாயத்தைச் சொல்லுகிற முகத்தோடு.

"டிக்கெட்டு சார்! பூவப் பாக்க டிக்கெட்டு! உள்ள ஏசி. ஒரு பூவக் காமிச்சு, கிலோ என்ன போகுதுன்னு காவலுக்கு நின்ன தமிழ்த் தம்பிகிட்டக் கேட்டேன். சிரிக்கிறான். விலையே தெரியாம எதுக்கு சார் பூவ வச்சிருக்காய்ங்க?"

அதற்குப் பிறகாவது பூ மார்க்கெட் அவர் பட்டியலில் சேரும் என்று எதிர்பார்த்தேன். சேரவில்லை. மதுரை ஏர்போர்ட் சேர்ந்திருக்கிறது, ரொம்பப் பக்கம் என்ற கணக்கில்.

நிலக்கோட்டைக்கு மாற்றல் உத்தரவு வாங்கியிருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஹெல்மெட் இரண்டாக வாங்கிக்கொண்டு வாருங்கள். பெட்ரோல் உங்கள் செலவு.