வைரக்கரி வாங்கலியோ!

வாலே பேராண்டி, இப்படித் திண்ணையில உக்காரு. பிளாஸ்டிக்குக்கு வைரம் பூசுதேன்னு உங்க ஆச்சிகிட்ட சொன்னியாமே? அவ மூக்குத்திக் கனவுல இருக்கா. அது வைரம் இல்ல, வைரம் மாதிரி கரின்னு நீயே போய்ச் சொல்லிரு. எனக்கு ராச்சோறு வேணும்.

நீ போட்டுட்டுப் போன நோட்டை வாசிச்சேன்லே. பென்சில்ல உள்ள கிராஃபைட்டும் கரி, வைரமும் கரி. ரெண்டோட பிணைப்பும் ஒழுங்கில்லாமக் கலந்து கெடந்தா உன் பூச்சு. 1971லயே அமெரிக்காவுல ஐசன்பெர்க்கும் சபோவும் அயனிக் கற்றையை வச்சுப் படிய வச்சுட்டாங்க. நீ என்னமோ நேத்துக் கண்டுபிடிச்ச மாதிரி மீசையை முறுக்குத!

எஃகு மேல பூசினா இம்புட்டு வம்பில்ல. பெட் பாட்டில் பிளாஸ்டிக்கோட விறைப்பு 2, 3 கிகாபாஸ்கல். உன் கரியோ 100ஐத் தாண்டும். மண்சுவருக்குச் சிமெண்டு பூசின கதைதான். பூச்சைச் சோதிக்க எஃகுக் குண்டை வச்சு அமுக்கித் தேய்க்கேல்லா, பிளாஸ்டிக் பள்ளமா அமுங்கும். பூச்சுக்கு அமுங்கத் தெரியாது, வெடிக்கும். பெயர்ந்த சில்லு அங்கேயே கெடந்து பிளாஸ்டிக்கையே அராவும்.

உடனே தடிமனாப் பூசுதேன்னு கிளம்பிராத. தடிக்கத் தடிக்க உள்ளுக்குள்ள இறுக்கம் ஏறி, யாரும் தொடாமலே கொப்புளிச்சுக் கிளம்பும். சூடு காட்டி ஒட்ட வைக்கலாம்னா, பெட்டு 80 டிகிரிக்கே இளகிரும். அதான் வெற்றிடத்துல அசிட்டிலீனைப் பிளாஸ்மாவாக்கிச் சூடேறாமப் படிய வைக்காங்க.

நல்லா ஒட்டின பூச்சுல ஒரு வேடிக்கை உண்டு. முதல்ல உராய்வு கூடத்தான் இருக்கும். பிறகு கரி லேசா உதிர்ந்து குண்டு மேல அப்பிக்கிட்டு, கரி மேல கரி வழுக்கும். ஐயா சுத்தக்காரரு, நடுவுல குண்டைத் துடைச்சுட்டு ‘உராய்வு ஏறிருச்சே’ன்னு முழிப்பாரு!

ஜப்பான்ல கிரின் பீர்க் கம்பெனிக்காரன் பெட் பாட்டிலுக்கு உள்பக்கம் பூசினான், ஆக்சிஜன் நுழையாம இருக்க. உள்ள போய்த் தேய்க்க ஆள் ஏது? கெட்டிக்காரன்.

நெதர்லாந்துல குரோனிங்கன் பல்கலைக்கழகத்துக்காரங்க ரப்பர் மேல பூச்சைப் பொடிப்பொடித் துண்டா, நடுவுல விரிசலோடயே விட்டாங்க. ரப்பர் வளைஞ்சா துண்டுக தனித்தனியா வளைஞ்சு கொடுக்கும். நீ என்னடான்னா விரிசல் விழுந்த துண்டையெல்லாம் வாத்தியார் கண்ணுல படாம டப்பாவுல ஒளிச்சு வச்சிருக்க. எடுத்துட்டுப் போய் மைக்ரோஸ்கோப்புல வையிலே. துண்டுக்குத் துண்டு எம்புட்டு இடைவெளின்னு அள. அவர் திட்டினா, குரோனிங்கன்னு சத்தமாச் சொல்லு.