தியாகி ஒருவர் தேவை

கேள்வி: நண்பர்களும் குடும்பமுமாக எட்டுப் பேர். மார்கரெட் ரிவர் ஒயின் தோட்டங்களுக்கு இரண்டு நாள் போக ஆசை. எப்படித் திட்டமிடலாம்? (ஒரு வாசகர், பெர்த்)

பதில்: முதலில், வண்டி ஓட்டப்போகும் தியாகியைத் தேர்ந்தெடுங்கள். அங்கே ரத்தத்தில் ஆல்கஹால் வரம்பு 0.05 சதவீதம். 'ருசி பார்த்தேன், அவ்வளவுதான் சார்' என்ற சமாதானம் போலீஸ் ஊதச் சொல்லும் கருவிக்குப் புரியாது. தியாகி சிக்காவிட்டால் சுற்றுலா வேன்.

பெர்த்திலிருந்து தெற்கே சுமார் 270 கி.மீ., மூன்று மணி நேரப் பயணம். வழியில் பஸ்ஸல்டனில், கடலுக்குள் 1.8 கி.மீ. நீளும் மரத்துறை இருக்கிறது; பிள்ளைகளை அங்கே குட்டி ரயிலில் ஏற்றிவிடுங்கள்.

1967-இல் மார்கரெட் ரிவரில் வாஸ் ஃபீலிக்ஸ் என்ற தோட்டம் தொடங்கிய பிறகு தோட்டங்கள் பெருகிவிட்டன. காபர்னே சாவின்யோன், ஷார்டனே ஒயின்கள் அந்த மண்ணின் பெருமை. ஆனால் ஒரு நாளைக்கு மூன்று தோட்டம் போதும்; நான்காவதில் எல்லா ஒயினும் அருமையாகவே இருக்கும்!

ஒயின் பக்கமே போகாத மாமியாருக்கு மறுநாளை ஒதுக்குங்கள்: மேமத் குகை, பிறகு கேப் லூவின் கலங்கரை விளக்கம். இந்தியப் பெருங்கடலும் தென்பெருங்கடலும் கூடும் இடம் என்பார்கள். அந்த மோதலைப் பார்த்தபின், 'மதியம் எங்கே சாப்பிடுவது?' என்று உங்கள் வண்டிக்குள் நடக்கும் மோதல் சாதாரணமாகத் தெரியும்.