குலுங்கலும் ஒடிதலும்: பழச்சாறு ஜெல்லி குறித்த ஓர் அடுப்படி ஆய்வு

பழச்சாற்றை டம்ளரில் ஊற்றிக் குடித்துவிட்டுப் போகலாம். அதைக் கிண்ணத்தில் உறையவைத்து, தட்டில் கவிழ்த்து, கரண்டியால் வெட்டி ஏன் சாப்பிட வேண்டும் என்ற அடிப்படைக் கேள்விக்குள் இக்கட்டுரை நுழையாது. குழந்தைகள் கேட்கிறார்கள், செய்கிறோம். இங்கே ஆராயப்படுவது அதனினும் நுட்பமானது: உறைந்த சாறு குலுங்க வேண்டுமா, ஒடிய வேண்டுமா?

அறிஞர்கள் இதில் இரண்டு கட்சி. குலுங்க வேண்டும் என்பது ஜெலட்டின் கட்சி. ஒடிய வேண்டும் என்பது கடற்பாசிக் கட்சி. மளிகைக் கடையில் ‘சைனா கிராஸ்’ என்று கேட்டால் வெள்ளை நார்க்கட்டு ஒன்றை எடுத்துப் போடுவார்களே, அதுதான் இவர்களின் மூலப்பொருள். நோன்பு மாதத்தில் இஃப்தார் தட்டில் ரோஸ் நிறத் துண்டுகளைக் கண்டவர்களுக்கு இக்கட்சியின் செல்வாக்கை விளக்க வேண்டியதில்லை. கல்யாணப் பந்தியில் இளநீர் புட்டிங் வந்தபிறகு சைவ ஓட்டுகளும் மொத்தமாக அந்தப் பக்கம் போய்விட்டன.

ஜெலட்டின் எங்கிருந்து வருகிறது என்பதைச் சாப்பிடும்போது பேசாதிருப்பது மரபு. ஆய்வு மரபு வேறு. மாடு, பன்றி இவற்றின் தோலிலும் எலும்பிலும் இருக்கும் கொலாஜன் என்ற புரதத்தை வேகவைத்து எடுப்பது அது. மூன்று இழைகளாக முறுக்கிக் கிடக்கும் கொலாஜன் சூட்டில் பிரிகிறது. ஆறும்போது பழைய முறுக்குக்குத் திரும்பப் பார்த்து, பாதி வழியில் ஒன்றோடொன்று சிக்கிக்கொள்கிறது. அந்தச் சிக்கலுக்குள் தண்ணீரும் மாட்டிக்கொள்கிறது. ராத்திரி மிஞ்சிய ஆட்டுக்கால் பாயாவைக் காலையில் ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்தவர்கள் இதை நேரில் பார்த்திருப்பார்கள். அறிவியல் நோக்கில், சாத்துக்குடி ஜெல்லி என்பது மிளகு போடாத பாயா.

குலுங்கலை அளக்கவும் வழி உண்டு. அமெரிக்கரான ஆஸ்கர் புளூம் 1925-ல் காப்புரிமை பெற்ற கருவி அதற்கென்றே பிறந்தது. 6.67 சதவீத ஜெலட்டின் கரைசலை 10 டிகிரி செல்சியஸில் உறையவைத்து, அரை அங்குலத் தண்டு ஒன்றை 4 மில்லிமீட்டர் ஆழத்துக்கு இறக்க எத்தனை கிராம் எடை தேவைப்படுகிறதோ அதுவே புளூம் எண். கருவி இல்லாத வீடுகளில் ஆள்காட்டி விரல் பயன்படுகிறது. விரல் யாருடையது என்பதைக் குழியின் அளவே சொல்லிவிடும்.

அரை லிட்டர் சாத்துக்குடிச் சாற்றுக்கு ஏழெட்டு கிராம் ஜெலட்டின் தூள் போதும். கொஞ்சம் குளிர்ந்த சாற்றின் மேல் தூவி ஐந்து நிமிடம் விட்டால் ஊறி உப்பும். பிறகு கொதிக்கவிடாமல் சூடாக்கிக் கரைத்து, மீதிச் சாற்றோடு கலந்து, நான்கு மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டும். இவ்வளவு பாடுபட்டு உறைந்தது, சுமார் 30 டிகிரியைத் தாண்டியதும் இளகிவிடுகிறது. வாயில் வைத்ததும் கரையும் சுகத்துக்குக் காரணம் அதுவே. சித்திரை மாதத்து மதுரையில் தட்டிலேயே சர்பத்தாகிவிடுவதற்கும் அதுவே. நியூயார்க் மாநிலத்து லெராய் ஊரில் 1897-ல் ‘ஜெல்-ஓ’வை உருவாக்கிய பேர்ல் வெயிட்டுக்குக் கத்திரி வெயில் ஒரு பிரச்சினையாக இருந்திருக்காது. அவர் பிரச்சினை வியாபாரம்: 1899-ல் 450 டாலருக்கு உரிமையை விற்றுவிட்டார்.

கடற்பாசி இதற்கு நேர்மாறு. 40 டிகிரிக்குக் கீழே வந்தாலே உறையத் தொடங்கும். உறைந்தபின் சுமார் 85 டிகிரிவரை அசைந்துகொடுக்காது. இந்த வித்தியாசம் மருத்துவ வரலாற்றில் நுழைந்ததும் அடுப்படி வழியாகத்தான். ஜெர்மனியில் ராபர்ட் கோக்கின் ஆய்வுக்கூடத்தில் 1881-ல் வேலை பார்த்த வால்தர் ஹெஸ்ஸேவுக்கு ஒரே தலைவலி. கிருமி வளர்க்க வைத்த ஜெலட்டின் வெயிலில் உருகியது. உருகாமல் தப்பியதைக் கிருமிகளே தின்று தண்ணீராக்கின. வீட்டில் மனைவி ஃபான்னி செய்யும் ஜெல்லி மட்டும் கோடையிலும் விறைப்பாக நின்றது. எப்படி என்று கேட்டார். அகர்-அகர், அதாவது நம் சைனா கிராஸ், என்றார் அந்த அம்மாள். நியூயார்க்கில் வளர்ந்தபோது, முன்பு ஜாவாவில் இருந்த டச்சு அண்டை வீட்டாரிடம் கற்றது. கோக் 1882-ல் காசநோய்க் கிருமி பற்றிய கட்டுரையில் அகரைக் குறிப்பிட்டார்; அதைக் கொடுத்த வீட்டைக் குறிப்பிடவில்லை. உலகெங்கும் ஆய்வுக்கூடத் தட்டுகளில் இன்றும் இருப்பது அகர்தான். மண்டபம், ராமேஸ்வரம் பக்கத்துப் பெண்கள் கடலில் மூழ்கிப் பறிக்கும் மரிக்கொழுந்துப் பாசியிலிருந்தும் அது எடுக்கப்படுகிறது.

அதற்காகக் கடற்பாசிக் கட்சி தலைகனம் கொள்ள வேண்டாம். நார் ஒன்றுகூடக் கண்ணில் படாதவரை நின்று காய்ச்ச வேண்டும். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த சாற்றை அப்படியே ஊற்றினால், ஊற்றிய இடத்திலேயே திரிதிரியாக உறைந்து மானத்தை வாங்கும். எலுமிச்சைச் சாறு சேர்த்துக் கொதிக்கவிட்டால் வலுவிழக்கும். புளிப்பை அடுப்பை அணைத்தபிறகே சேர்க்க வேண்டும். வாயிலும் கரையாது, மென்றாக வேண்டும். பல்செட் கட்டிய தாத்தாக்கள் ஜெலட்டின் பக்கம் சாய்வதற்கு இதைத் தாண்டிய கொள்கைக் காரணம் தேட வேண்டாம்.

ஜெலட்டின் கட்சிக்கு இன்னொரு தலைவலி அன்னாசி. பச்சைச் சாற்றில் உள்ள புரோமிலைன் என்ற நொதி புரதத்தைத் துண்டாடிவிடும். இரவெல்லாம் ஃப்ரிட்ஜில் கிடந்தாலும் காலையில் அது ஜூஸாகவே இருக்கும். பப்பாளியும் அதே ரகம். ஆட்டுக்கறி சீக்கிரம் வேக ஒரு துண்டு பப்பாளிக்காய் போடும் வீடுகளில் இந்த வேதியியல் எப்போதோ நிரூபணமாகிவிட்டது. சாற்றைக் கொதிக்கவைத்தாலோ, டின் அன்னாசியை வாங்கினாலோ நொதி செத்துவிடும். கடற்பாசி புரதமே இல்லை என்பதால் அதற்கு இந்தக் கவலை கிடையாது.

கடைசியாக, உயிர் பற்றி. 1970-களில் கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழக நரம்பியல் மருத்துவர் ஏட்ரியன் அப்டன், எலுமிச்சைச் சுவை ஜெல்லி ஒன்றுக்கு மூளை அலை பார்க்கும் கருவியை மாட்டினார். உயிருள்ள மூளையின் அலை போன்ற கோடுகள் வந்தன. சுற்றியிருந்த கருவிகளின், ஆட்களின் இரைச்சலையே அது பதிவு செய்தது. மூளைச்சாவை முடிவு செய்யும்போது இந்தக் கோடுகளை எவ்வளவு ஜாக்கிரதையாகப் படிக்க வேண்டும் என்று காட்டுவதே அவர் நோக்கம். ஜெலட்டின் கட்சி இதைத் தன் வெற்றியாகக் கொண்டாடுவது முறையல்ல. கடற்பாசிக்கும் அதே வாய்ப்பு தரப்பட வேண்டும் என்று ஆய்வுக்குழு பரிந்துரைக்கிறது. நன்னாரிச் சுவைக்கு முன்னுரிமை.