ஒருவிரல் ஒருமொழி: ஒற்றைத்தடச் சாலை இலக்கணம்

பூ, தீ, கை என ஓரெழுத்தே சொல்லாகிப் பொருள் தருவதை ஓரெழுத்தொருமொழி என்று பள்ளியிலேயே படித்துவிடுகிறோம். ஸ்காட்லாந்தின் வடமேற்குக் கரையில் ஒரே விரல் சொல்லாகி நிற்கிறது. அதற்கு நூற்பா எழுதத்தான் ஆளில்லை. இன்வர்னஸில் தொடங்கி அங்கேயே வந்து முடியும் 516 மைல் சுற்றுவழிக்கு 2015இல் 'நார்த் கோஸ்ட் 500' என்று பெயர் வைத்தார்கள். அதன்பின் வாடகைக் காரில் பிள்ளைகுட்டிகளோடு அந்தப் பக்கம் கிளம்பும் குடும்பங்களுக்குக் குறைவில்லை. வழியில் பல இடங்களில் ரோடு ஒரு கார் அகலம்தான், ஆனால் வண்டி இரு திசையிலும் வரும். கொஞ்ச தூரத்துக்கு ஒன்றாக ரோட்டோரம் சற்றே புடைத்து, வெள்ளைப் பலகையோடு ஓர் ஒதுங்குமிடம் இருக்கும். ஒருவர் அதில் ஒதுங்கி நிற்பார். கடந்து போகிறவர் ஸ்டீயரிங்கை விடாமலே சுட்டுவிரலை மட்டும் அங்குல உயரம் தூக்கி இறக்குவார். அந்த விரல் ஒரு வினைத்தொகை என்பதே இக்கட்டுரையின் துணிபு.

ஊறுகாய் என்றால் ஊறிய காய், ஊறுகின்ற காய், ஊறும் காய் மூன்றும்தான். காலம் உள்ளே ஒளிந்திருக்கிறது. விரலும் அப்படியே. 'ஒதுங்கியதற்கு நன்றி' என்று மட்டும் அதற்கு உரை எழுதுவோர் இறந்தகாலத்தோடு நின்றுவிட்டவர்கள். ஒதுங்கி நின்றவரும் பதிலுக்கு விரல் தூக்குகிறாரே, அவர் எதற்கு நன்றி சொல்கிறார்? அவருக்கு இன்னும் யாரும் எதுவும் செய்துவிடவில்லை. அடுத்த வளைவில் முகம் தெரியாத ஒருவர் செய்யப்போகும் உபகாரத்துக்கு இங்கேயே கட்டிய முன்பணம் அது.

இதற்கெல்லாம் சட்டமே போதுமே என்பர் மறுப்பாளர். பிரிட்டனின் 'ஹைவே கோட்' 155ஆம் விதி தெளிவாகத்தான் இருக்கிறது: ஒதுங்குமிடம் இடப்பக்கம் இருந்தால் உள்ளே போ, வலப்பக்கம் இருந்தால் அதற்கு எதிரே நில், மேடேறி வருபவருக்கு முடிந்தவரை வழிவிடு, தேவைப்பட்டால் ரிவர்ஸ் எடு. ஆப்பிள்கிராஸ் என்னும் கடலோரக் கிராமத்துக்குப் போகும் பேலக் நா பா கணவாயில் இவ்விதி நன்றாகவே செல்லும். 'மாட்டுக் கணவாய்' என்று பொருள்படும் அந்தப் பாதை கடல் மட்டத்திலிருந்து 626 மீட்டருக்கு ஏறுகிறது. ஓட்டப் பழகுபவர்களும் மிகப் பெரிய வண்டிகளும் வர வேண்டாம் என்று அடிவாரத்திலேயே பலகை வைத்திருக்கிறார்கள். அங்கே ஏறுபவர் யார், இறங்குபவர் யார் என்பதில் குழப்பமில்லை. சமதளத்தில், ஏரிக்கரையில், இரண்டு ஒதுங்குமிடங்களுக்கு நட்டநடுவில் இரண்டு கார்கள் முட்டிக்கொண்டு நின்றால்? தேவைப்பட்டால் ரிவர்ஸ் எடு என்கிற விதி, யார் எடுப்பது என்று சொல்லவில்லை. எடுப்பவர் விரலை நம்பித்தான் எடுக்கிறார்.

விரல் ஒன்றே இவ்வளவு செய்யுமானால் பத்து விரலும் இன்னும் நல்லதாயிற்றே என்று கேட்கலாம். சுற்றுலாக் குடும்பங்களின் கொள்கை இதுதான். அப்பா உள்ளங்கையையே உயர்த்துகிறார், அம்மா தலையாட்டுகிறார், பின்சீட்டுப் பிள்ளைகள் பின்கண்ணாடி வழியே அந்தக் கார் மறையும்வரை டாட்டா காட்டுகிறார்கள். பண்பு நல்லதுதான், இலக்கணம் பிழை. தொகையை விரித்தால் ஒளிந்திருந்த காலம் வெளியே வந்துவிடும். ஊறுகாயை 'ஊறிய காய்' என்றால் ஜாடியில் இனி ஊற ஒன்றுமில்லை. டாட்டாவும் முடிந்துபோனதற்குச் சொல்வது. அடுத்த வளைவுக்கு அதில் மிச்சமில்லை. இதைவிடப் பெரிய பிழை ஒன்றுண்டு. ஒதுங்குமிடம் என்பது எச்சம், வேறொரு வினையை எதிர்பார்த்து நிற்பது. நெற்றிமயிர் கண்ணை மறைத்த ஹைலேண்ட் மாட்டைக் கண்டதும் காரை அங்கே ஓரங்கட்டி, நால்வரும் இறங்கிப் படம் எடுக்கும் குடும்பம் எச்சத்தை முற்றாக்கிவிடுகிறது. 156ஆம் விதி இதைத் தடுக்கிறது. பின்னால் தேங்கி நிற்கும் வண்டிக்காரர் முகமும் தடுக்கிறது.

கடைசி மறுப்பு செம்மறியாடுகளிடமிருந்து வருகிறது. அவை நடுரோட்டில் படுத்திருக்கும், மேடேறி வருபவருக்கும் எழுந்திருக்காது, விரலுக்குப் பதில் தராது. இதனால் நம் துணிபுக்குக் குறைவில்லை, விரல் உயர்திணைக்கே உரியது என்று புறனடை சேர்த்தால் போதும். குடும்பம் மொத்தமாகக் கையசைப்பதற்கும் இலக்கணம் அந்த ஓரிடத்தில் மட்டும் இடம் கொடுக்கலாம். ஆடு எப்படியும் பார்க்கப்போவதில்லை.