தண்ணிக்கு உறை ஊத்துலே பேராண்டி

ஏலே பேராண்டி, தொட்டி ரொம்ப அம்சமா இருக்குடே. ஈஸ்ட் ஹாம்ல உன் வீட்டு முன்னறைக்கே ஒரு களை வந்துட்டு. தண்ணி பளிங்கு கணக்கா நிக்கி. அந்தப் பக்கம் நிக்கிற உன் பொண்டாட்டி மூக்குத்தி இங்கன இருந்து பாத்தா மின்னுது. காலையில தொட்டி, மத்தியானம் தண்ணி, சாயங்காலம் மீனுன்னு திட்டம் போட்டிருக்கே. நல்ல வேகம். இதே வேகத்துல போனா வார வெள்ளிக்கிழமை மீனுக்குக் காரியமும் முடிச்சிரலாம்.

முறைக்காதடே. கடைக்காரப் பையன் "இன்னைக்கே விடலாம் சார்"னு சொல்லிட்டான்லா? சொல்லத்தான் செய்வான். செத்தா அடுத்த மீனுக்கு நீ அவன் கடைக்குத்தான போவே!

நான் கம்மாய்க்கரையில வளந்தவன். எனக்கு என்ன தெரியும்? நம்ம ஊருல புதுசா குளம் வெட்டுனா, தண்ணி நிறைஞ்ச அன்னைக்கே எவனும் மீன் குஞ்சு விட மாட்டான். தண்ணி லேசா பச்சை கட்டணும், தவளை கத்தணும், பூச்சி பொட்டு சேரணும். அதுக்குப் பிறகுதான் மீனு. உன் தொட்டியில இப்ப ஒண்ணுமே இல்ல. ஆளில்லாத ஊருக்குள்ள மீனைக் குடி வைக்கப் பாக்க.

சங்கதி இதுதான். மீன் திங்கிறதும் அங்கனதான், வெளிக்குப் போறதும் அங்கனதான். அந்தக் கழிவுல இருந்தும், அது விடுற மூச்சுல இருந்தும் அமோனியா சேருது. பளிங்குத் தண்ணிக்குள்ள அது உன் கண்ணுக்குத் தெரியாது. மீனு செவுளுக்குத் தெரியும், எரியும். மேல வந்து வாயைப் பிளக்கும். உடனே நீ "பாருங்க தாத்தா, என்னைப் பாத்துச் சிரிக்கு"ம்பே.

இந்த அமோனியாவைத் திங்க ஒரு கூட்டம் நுண்ணுயிரி இருக்கு. அது தின்னு நைட்ரைட்டா மாத்தும். அதுவும் விஷம்தான். அதைத் திங்க இன்னொரு கூட்டம். அது நைட்ரேட்டா மாத்தும். நைட்ரேட்டு அவ்வளவு பொல்லாதது இல்ல. செடி கொஞ்சம் திங்கும், மிச்சத்தை நீ வாரா வாரம் தண்ணி மாத்திக் கழிச்சிரலாம். இந்த ரெண்டு கூட்டமும் ஃபில்டரு ஸ்பாஞ்சுல, கல்லுல, மணல்ல ஒட்டிக் குடியிருக்கும். புதுத் தொட்டியில ஒருத்தனும் இல்ல. வந்து பெருகி நிலைக்க நாலு வாரத்துல இருந்து ஆறு வாரம் ஆகும்.

கிழவன் கதை விடுதான்னு நினைக்காத. இது உன் லண்டன்காரன் கண்ட சங்கதி. உன் மகதான் புத்தகத்தை வாசிச்சுக் காட்டினா. ராபர்ட் வாரிங்டன்னு ஒரு ரசாயனக்காரர், பிளாக்ஃப்ரையர்ஸ் பக்கம் மருந்துக்காரங்க மன்றத்துல வேலை பாத்தவரு. 1849-ல ஒரு 12 காலன் தொட்டி வச்சாரு. நம்ம கணக்குக்கு 55 லிட்டர். ரெண்டு தங்க மீனு, ரிப்பன் கணக்கா இலை நீளுற வாலிஸ்னேரியாச் செடி, கொஞ்சம் மணலு, கல்லு. செடி மீனுக்கு மூச்சுக் குடுக்கும், மீனு செடிக்கு உரம் குடுக்கும்னு கணக்குப் போட்டாரு. கணக்கு சரிதான். ஆனா உதிர்ந்த இலை அழுகித் தண்ணி கலங்கிப் போச்சு. அவரு கடைக்காரனைத் திட்டப் போகல. குளத்து நத்தை அஞ்சாறைக் கொண்டாந்து விட்டாரு. நத்தை அழுகலைத் தின்னுச்சு, அது இட்ட முட்டை மீனுக்குத் தீனியாச்சு, தண்ணி தெளிஞ்சுது. 1850-ல அதை எழுதி வச்சாரு. 1853-ல ரீஜென்ட்ஸ் பார்க் மிருகக்காட்சிசாலையில ஊரே பாக்க மீன் வீடு திறந்தாங்க.

இனிமேதான் கூத்து. அவரு மகன் பேரும் ராபர்ட் வாரிங்டன்தான். லண்டனுக்கு வடக்க ரோதம்ஸ்டெட் பண்ணையில இருந்து மண்ணை ஆராய்ஞ்சாரு. அமோனியா நைட்ரேட்டா மாறுறது ஒரே கூட்டத்து வேலை இல்ல, ரெண்டு கூட்டம் ரெண்டு படியா செய்யுதுன்னு கண்டது அவருதான். அப்பன் தொட்டி கட்டினான், தொட்டிக்குள்ள நடக்குறதுக்கு விடை மகன் மண்ணுல கண்டான். நீ உன் மகளுக்கு ஒரே சாயங்காலத்துல எல்லாத்தையும் காட்டணும்ங்க!

சரி, செய்ய வேண்டியதைச் சொல்லுதேன். முதல்ல அந்த அட்டைப் பலகை அலமாரி மேல இருந்து தொட்டியை இறக்கு. 100 லிட்டர் தண்ணின்னா 100 கிலோ. நாலு சிப்பம் அரிசியை அது மேல அடுக்குவியா? ஜன்னல் ஓரத்துலயும் வைக்காத, வெயில் பட்டா பாசி பிடிச்சிரும்.

குழாய்த் தண்ணியில குளோரின் இருக்கும். அது வாளியில பிடிச்சு வச்சாப் போயிரும். ஆனா குளோரமின் கலந்திருந்தா ஒரு ராத்திரி ரெண்டு ராத்திரி வச்சாலும் லேசுல போகாது. குளோரினை முறிக்கிற மருந்தைத் தண்ணி மாத்துறப்பல்லாம் ஊத்து. இல்லேன்னா நீ வளக்கிற கூட்டத்தை நீயே கொன்னுருவே. உன் கெட்டிலுக்குள்ள எட்டிப் பாரு, வெள்ளையா சுண்ணாம்பு படிஞ்சிருக்குல்லா? லண்டன் தண்ணி அவ்வளவு கடினம். அதனால கப்பி, மோலி, பிளாட்டின்னு அந்தத் தண்ணிக்குத் தோதான மீனாப் பாரு.

இனி உறை ஊத்துற கதை. பாலைக் காச்சி வச்சா தானாத் தயிராகுமா? பக்கத்து வீட்டுல ஒரு கரண்டி உறைமோர் வாங்கமாட்டோம்? அதே கதைதான். இல்ஃபோர்டுல உன் கூட்டாளி ரெண்டு வருசமாத் தொட்டி வச்சிருக்கான்லா? மீனுக்கு நோய் நொடி இல்லேன்னா, அவன் ஃபில்டரு ஸ்பாஞ்சுல ஒரு துண்டு கேட்டு வாங்கு. ஈரம் காயாமக் கொண்டா. அழுக்கா இருக்கேன்னு குழாயில கழுவிப்புடாத. நீ சுத்தக்காரன், அதான் பயமா இருக்கு.

பிறகு அந்தக் கூட்டத்துக்குச் சாப்பாடு போடு. சோப்பும் வாசனையும் கலக்காத அமோனியாவை லிட்டருக்கு 2 மில்லிகிராம் கணக்குல விடு. இட்லி மாவு புளிக்க உன் பொண்டாட்டி ஓவன் அடுப்புக்குள்ள விளக்கைப் போட்டு வச்சிருக்காள்லா? அதே மாதிரி ஹீட்டரைப் போடு, கதகதப்பு இருந்தா சீக்கிரம் பெருகும். அமோனியா, நைட்ரைட்டு, நைட்ரேட்டு எவ்வளவுன்னு சோதனைக் குழாயில நிறம் பாத்து நோட்டுல எழுதி வை. ஊத்தின அமோனியா ஒரே நாள்ல சைபருக்கு வரணும், நைட்ரைட்டும் சைபர் ஆகணும், நைட்ரேட்டு தெரியணும். அன்னைக்கு முக்கால் தண்ணியை மாத்திட்டு மூணே மூணு மீன் வாங்கு. மிச்சத்தை மெல்ல மெல்லச் சேரு.

இந்த நாட்டுச் சட்டத்துல 16 வயசு ஆகாத பிள்ளைக்கு மீன் விக்கக் கூடாதாம். உனக்கு 34 ஆச்சு, சட்டம் உன்னை விட்டிருச்சு. அமோனியா விடாது.

என்னை இங்கன கூட்டிட்டு வர விசாவுக்கு எத்தனை நாள் காத்துக் கிடந்தே! மீனுக்கும் விசா எடுக்கணும்டே. எனக்கு ஆறு மாசம் குடுத்திருக்கான். உன் தொட்டிக்கு ஆறு வாரம் போதும். மீன் விட்டு, அது நல்லா நீந்துறதைப் பாத்துட்டுத்தான் நான் ஊருக்குப் பிளேன் ஏறுவேன்.