தலை, வால், ரோமக்கால்: இசைக்கருவிகளை ஒலியால் தரம் பிரித்தல் குறித்து ஆம்பூரில் நிகழ்த்திய ஓர் ஆய்வு

ஆய்வின் தேவை

2025 மார்ச் 8 அன்று லண்டனில் ராயல் பில்ஹார்மோனிக் இசைக்குழுவைக் கொண்டு இளையராஜா தமது 'வேலியன்ட்' சிம்பொனியை அரங்கேற்றினார். மறுநாள் காலை ஆம்பூர் டீக்கடை பெஞ்சில் பெருமைக்குக் குறைவில்லை. "அதுல இன்னா இன்னா வாசிச்சாங்க?" என்று ஒருவர் கேட்டுவிட்டார். "வயலின்" என்றது பெஞ்சு. "அப்புறம்?" நெடிய மௌனம். "நிறைய வயலின்."

தோலைத் தடவியே வெள்ளாடா செம்மறியா என்று சொல்பவர்கள் தெருவுக்கு நால்வர் இருக்கும் ஊரில், ஒலியைக் கேட்டு ஓபோவா கிளாரினெட்டா என்று சொல்ல ஓர் ஆள் இல்லை. இந்த இழுக்கைத் துடைப்பதே ஆய்வின் நோக்கம்.

முன்னோர் கருத்து

நம் மரபு தோல், துளை, நரம்பு, கஞ்சம், மிடறு என்று கருவிகளைப் பிரித்தது. 1914இல் ஹார்ன்போஸ்டல், சாக்ஸ் இருவரும் ஏறக்குறைய இதே வழியில் நான்காகப் பிரித்து, பாட்டுக்காரரின் தொண்டையை மட்டும் விட்டுவிட்டார்கள்.

ஆம்பூர் வழக்கில் ஒரு கலைச்சொற் சிக்கல் உண்டு. இங்கே 'டிரம்' என்றால் டேனரியில் சுழலும் பெரிய மரப்பீப்பாய். தோல் அதற்கு உள்ளே கிடந்து குரோம் உப்பில் புரளும். உலகின் பிற பகுதிகளில் டிரம்முக்குத் தோல் வெளியே இருக்கும். உள்ளே புரண்ட தோல் வெளியே கட்ட உதவாது என்பதும் இங்கே பதிவு செய்யத்தக்கது. மிருதங்கத்துக்கும் பறைக்கும் வேண்டியது விறைப்பாகக் காய்ந்த பச்சைத்தோல். பதனிட்டு எண்ணெய் ஏற்றிய தோல் துவண்டு, அதிர்வைத் தானே விழுங்கிவிடும். இத்தனை தோல் புழங்கும் வட்டாரம் இசையில் ஏன் இவ்வளவு அடக்கமாக இருக்கிறது என்பதற்கு இதுவே காரணம் எனத் துணியலாம்.

ஆய்வு முறை

மாதிரி: ஒருவர். என் மாமா. 40 ஆண்டுகள் தோல் தரம் பிரித்தவர். சிம்பொனி கேட்டதில்லை, ஆகவே முன்முடிவு இல்லை. நேரம்: ஞாயிறு மதியம், சீரகச் சம்பா பிரியாணிக்குப் பின், கத்தரிக்காய்த் தொக்கின் சுவை நாக்கில் நிற்கும்போது. ஒலி: ரஷ்ய இசையமைப்பாளர் புரோகோஃபியெவ் 1936இல் குழந்தைகளுக்காக எழுதிய 'பீட்டரும் ஓநாயும்'. அதில் ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரு கருவி. கதையை மாமாவுக்குச் சொல்லவில்லை.

முடிவுகள்

பறவைக்கான புல்லாங்குழலை மாமா உடனே சொன்னார். இதற்கு மதிப்பெண் கிடையாது.

வாத்துக்கான ஓபோ வந்ததும், "நாயனம். ஆனா வாசிக்கிறவனுக்குச் சளி" என்றார். தவறு என எழுதப் போன பேனா நின்றது. நாதஸ்வரத்தின் சீவாளியைப் போலவே ஓபோவுக்கும் இரட்டை நாணல். இரண்டின் உட்துளையும் கூம்பு வடிவம். இசை தொடங்குமுன் ஓபோ பிடிக்கும் சுரத்துக்குத்தான் மற்றவர்கள் சுருதி சேர்ப்பார்கள் என்றேன். "எங்க போனாலும் நாயனத்துக்கு மரியாதை இருக்குது" என்றார்.

பூனைக்கான கிளாரினெட்டுக்கு, "கல்யாண பேண்டு செட்". ஒற்றை நாணல் கொண்ட இதைக் கர்நாடகக் கச்சேரி மேடையில் நிலைநிறுத்தியவர் ஏ.கே.சி. நடராஜன், எனவே விடை சரி, மேடைதான் வேறு.

தாத்தாவுக்கான பஸூனைக் கேட்டு, "யாரோ பெரியவர் திட்றாரு" என்றார். கருவியின் பெயர் இல்லை. ஆனால் புரோகோஃபியெவே இதற்கு முழு மதிப்பெண் போட்டிருப்பார்.

ஓநாய்க்கான 3 ஹார்ன்கள் எழுந்ததும் மாமா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "ஷிப்டு சங்கு." ஆலைச் சைரனைச் சங்கு என்றழைக்கும் ஊர்வழக்கு இங்கே அறிவியலுக்கு முந்திக்கொள்கிறது: ஹார்னும் சங்கும் உதட்டு அதிர்வால் ஒலிப்பவை, வகைப்பாட்டில் பங்காளிகள்.

இரண்டாம் சோதனை

1964இல் சல்டானா, கோர்சோ என்ற இருவர் கருவிகளின் ஒலிப்பதிவை வெட்டி வெட்டிக் கேட்கச் செய்து ஆராய்ந்தார்கள். அதை ஆம்பூரில் மறுபடி செய்தேன். மாமா பேத்தி கைப்பேசியில் ஒவ்வொரு சுரத்தின் தொடக்கத்தையும் நறுக்கிக் கொடுத்தாள். நாயனமும் பேண்டு செட்டும் மாமாவுக்குக் குழம்பின.

"தலையை வெட்டிட்டு எந்த ஆடுன்னு கேட்டா?" என்று கோபித்தார்.

அடுத்து முடிவை நறுக்கினோம். தடுமாறவில்லை. "வாலு போனா இன்னா போச்சு?"

மூன்றாவதாக, தலை வெட்டிய சுரத்தையே லேசாக நடுங்கும்படி வாசித்த பதிவைப் போட்டாள். மாமா எழுந்து உள்ளே போய்ப் பழைய தோல் துண்டு ஒன்றை எடுத்து வந்தார். மூலையை மடித்து, மேற்புறத்தைக் கட்டைவிரலால் நீவி, ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துக் காட்டினார். பொடிப்பொடியாக வரிசைகட்டிய ரோமக்கால்கள்.

"டேனரிக்குள்ள போனா தலை ஏது, வால் ஏது? இதைப் பார்த்துத்தான் வெள்ளாடுன்னு சொல்றோம். அந்த நடுக்கமும் இதுதாண்டா. நாயனம்."

சொன்னது சரி. தொடக்கம் போனால் அடையாளம் தடுமாறும், முடிவு போனால் பெரிய நஷ்டமில்லை, நடுக்கம் இருந்தால் கண்டுபிடிப்பது எளிது என்பதுதான் 1964ஆம் ஆண்டு ஆய்வின் முடிவும். அவர்களுக்கு ஆய்வுக்கூடம் தேவைப்பட்டது.

பரிந்துரை

இசைக்கருவிகளின் பெயர்ப் பட்டியலை மனப்பாடம் செய்ய வேண்டாம். கைக்குப் பழகிய ஏதோ ஒன்றின் மேல் காதை உட்கார வைத்தால் போதும். பெயர் பிறகு வரும். மாமா இப்போது ஓபோவை ஓபோ என்றே சொல்கிறார், "சளி நாயனம்" என்று அடைமொழி சேர்த்து.

டிம்பனி பற்றி மட்டும் கருத்து வேறுபாடு நீடிக்கிறது. வேட்டைக்காரர் துப்பாக்கிக்காக அது முழங்கியபோது மாமா முகம் சுளித்தார். 1950களின் இறுதியிலிருந்து அதில் கன்றுத்தோலுக்குப் பதில் பிளாஸ்டிக் கட்டுவது பரவலாகிவிட்டது என்று விளக்கினேன்.

"தோலே இல்லையா?" என்றார். "அப்ப அது இன்னா டிரம்மு?"