வயதில் மூத்தவன்

மும்பை கிங்ஸ் சர்க்கிள் பூங்காவில் நடப்பவர்கள் ஆயுளைக் கூட்டிக்கொள்வதற்காக நடக்கிறார்கள். நானோ நடைபாதைப் பழைய புத்தகக் கடையில் நின்று அடுத்தவர் ஆயுளைக் கழித்துப் பார்க்கிறேன். பின்னட்டையில் இரண்டு வருஷங்கள் அச்சாகியிருந்தால் போதும், கை தானாக மடங்கி விரியும். பாரதி 1882–1921: முப்பத்தெட்டு. கு.ப.ரா. 1902–1944: நாற்பத்திரண்டு. புதுமைப்பித்தன் 1906–1948: அதே நாற்பத்திரண்டு. கல்கி ஐம்பத்தைந்து. எனக்கு அறுபத்து மூன்று. இவர்கள் எல்லோருக்கும் நான் மூத்தவன். இலக்கியத்தில் நான் கண்ட முன்னேற்றம் இது ஒன்றுதான்.

கடைக்காரர் உ.பி.க்காரர். தமிழ் எழுத்து தெரியாது. கனம் பார்த்து விலை சொல்வார். அவர் கணக்கில் ‘பொன்னியின் செல்வன்’ ஐந்து பாகமும்தான் இலக்கியம். மௌனி அதற்கு இலவச இணைப்பு.

இன்னும் ஏன் எழுதவில்லை என்று வீட்டில் மனைவி கேட்டால், எனக்கு வக்கீலே மௌனிதான். “எழுபத்தேழு வயசு இருந்தார். மொத்தம் ரெண்டு டஜன் கதைதான்” என்றேன்.

“ஏன்னா, அவர் எழுதிட்டு நிறுத்தினார். நீங்க நிறுத்திட்டு எழுதப்போறேள்.”

கேஸ் தோற்றது. மேல்முறையீட்டுக்கு கி.ரா.வைக் கூப்பிட்டேன். முப்பது தாண்டி எழுத வந்தவர். 2021-இல் மறையும்போது வயது தொண்ணூற்றேழு. “அந்தக் கணக்குப்படி எனக்கு இன்னும் முப்பத்துநாலு வருஷம் பாக்கி!”

“சரி, அதுக்குள்ளே காஸ் சிலிண்டர் புக் பண்ணிடுங்கோ.”

ரிடையர் ஆனால் எழுதலாம் என்றுதான் ஆபீஸில் இருந்த காலமெல்லாம் நினைத்திருந்தேன். ஆனால் இவர்களில் யார் சும்மா உட்கார்ந்து எழுதினார்கள்? பாரதிக்கு ‘இந்தியா’ பத்திரிகை. புதுமைப்பித்தனுக்கு ‘தினமணி’. கு.ப.ரா.வுக்குக் கடைசிவரை ‘கிராம ஊழியன்’. கல்கி பத்திரிகையும் நடத்திக்கொண்டு, 1950 முதல் 1954 வரை வந்தியத்தேவனையும் வாராவாரம் குதிரையில் ஏற்றி அனுப்பினார். அச்சாபீஸ் ஆள் மேட்டர் கேட்டுத் தலைமாட்டில் நிற்கும்போது வரும் கற்பனை, காலி நாளில் வருமா? என் காலி நாளில் வருவது தூக்கம். அது தெளிந்தால் ஷண்முகானந்தாவில் யார் கச்சேரி என்ற விசாரம்.

ஆக, எனக்கு வேண்டியது ஆயுள் இல்லை, தலைமாட்டில் ஓர் ஆள். எங்கள் கட்டடத்துப் பொங்கல் மலருக்குக் கட்டுரை தருகிறேன் என்று நானே போய்ச் சொன்னேன். செயலாளர் நல்ல பிள்ளை. “அவசரமே இல்லை மாமா, மெதுவா எழுதுங்கோ” என்று காரியத்தைக் கெடுக்கப் பார்த்தார். விடவில்லை. “வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆத்துக்கு வந்து உட்காருப்பா. கட்டுரை கைக்கு வராமல் எழுந்திருக்காதே” என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன்.

இன்று வெள்ளிக்கிழமை. கூடத்தில் அவருக்கு மூன்றாவது காபி போகிறது. டிகாஷன் தீர்ந்துவிட்டது என்று உள்ளிருந்து என்னைப் பார்த்துக் குரல் வருகிறது. முடித்துவிடுகிறேன்.